பதினோரு பேர் பார்த்த ஜன்னல்

அத்தியாயம் 6

மேடம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எதிரே சுவரளவு திரையில் ஒரு விபத்து ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் இரண்டு பஸ் மாறி இந்தப் பார்சல் கம்பெனிக்கு வந்திருந்தோம். வந்த இடத்தில் துப்பறிகிறவர் கண்ணை மூடிக்கொண்டால் உதவியாளன் பிழைப்பு என்ன ஆவது? மானம் போகிறதே என்று நான் இரண்டு முறை இருமினேன்.

"தூங்கலடா. கண்ணு வேலையை நீ பாரு. மேனேஜர், இன்னொரு தடவை போடுங்க."

மேனேஜர் வேண்டாவெறுப்பாகப் பொத்தானை அழுத்தினார். அவருடைய லாரிகள் ஒவ்வொன்றிலும் சுற்றிலும் சென்சார் வைத்திருந்தார்கள். டிரைவருக்கு முன்னால் ஒரு சின்ன டிஸ்ப்ளே. அதில் நடுவே நீலப் பெட்டி, அதுதான் நம் லாரி. பக்கத்தில் கார் வந்தால் வெள்ளைப் புள்ளி, பைக்கோ சைக்கிளோ வந்தால் மஞ்சள் புள்ளி, ஆள் வந்தால் சிவப்பு. புள்ளி முட்டுகிற மாதிரி நெருங்கினால் 'பீப்' என்று கத்தும். அது போதாதென்று, ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு காமிரா டிரைவரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். கண் வேறு பக்கம் போனால் ஒரு பெண் குரல், "சாலையைப் பாருங்கள்" என்று சொல்லும். பெண்டாட்டி இல்லாத குறையை ஒரு மெஷின் தீர்த்து வைக்கிறது என்றேன். மேனேஜர் சிரிக்கவில்லை.

திரையில் இடது பாதியில் டிஸ்ப்ளே, வலது பாதியில் டிரைவர் முகம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நரைத்த மீசை, பேச்சையே மறந்துபோன வாய். டிப்போவில் எல்லோரும் அவரை ஊமையண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். லாரி ஒரு நாற்சந்தியை நெருங்கியது. ஊமையண்ணன் கண்ணைச் சாலையிலிருந்து எடுத்து வலது பக்கம் எதையோ பார்த்தார். "சாலையைப் பாருங்கள்" என்றது குரல். அவர் திரும்பவில்லை. இடது பக்கம் திடீரென்று ஒரு மஞ்சள் புள்ளி முளைத்தது. கிரீச், பீப், டமார் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன. ஊமையண்ணன் கதவைத் திறந்துகொண்டு குதித்தார்.

"பார்த்தீங்கல்ல? மெஷின் சொல்லுது, இவர் கேக்கல. சைக்கிள்ல வந்த பையனுக்குக் கால் எலும்பு ரெண்டா போச்சு. நல்லவேளை, உயிர் போகல. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு விசாரணை. லைசென்ஸை நிரந்தரமா ரத்து பண்ணிடுவாங்க. நான் என்ன மேடம் பண்ண முடியும்? எங்கே பார்த்தீங்கன்னு கேட்டா, கல்லு மாதிரி உக்காந்திருக்கார்."

எங்களிடமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். இந்தக் கேஸை எங்களுக்குக் கொடுத்தது அவர் இல்லை. கடல் தாண்டி வாழ்க்கைப்பட்ட அவருடைய மகள். "அம்மா போனதுக்கப்புறம் அப்பாவுக்குத் துணைன்னு இருக்கறது அந்த லாரி மட்டும்தான். அதையும் பிடுங்கிட்டா, அந்த ஒத்த ரூம்ல..." என்று போனில் சொல்ல வந்தவள் மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். மேடம் அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதை நான் பார்த்தேன். மேடத்துக்கும் ஒத்த ரூம்தான். எனக்கும் அப்படித்தான், அதனால்தான் வெளியே இந்த வாய் பேசுகிறேன்.

மேடம் கண்ணைத் திறந்தார். "இதே இடத்துல மத்த டிரைவருங்க என்ன பண்றாங்கன்னு பார்க்கலாமா? போன மாசத்து படம் போதும்."

மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே தேடினார். முதல் டிரைவர் வந்தார். நாற்சந்தி வந்ததும் வலது பக்கம் பார்த்தார். "சாலையைப் பாருங்கள்." இரண்டாமவரும் வலது பக்கம் பார்த்தார். மூன்றாமவர் தாடிக்காரர், அவரும்தான். ஊமையண்ணனைச் சேர்த்து அந்த வழியில் போகிற பதினோரு பேரும், அதே இடத்தில், அதே பக்கம் கண்ணை ஓட்டினார்கள்.

மேனேஜருக்கு விளக்கெண்ணெய் குடித்த முகம். "அந்த இடத்துல காமிராவுக்கு ஏதோ கோளாறுன்னு நினைச்சு விட்டுட்டோம்."

"கோளாறு காமிராவுக்கு இல்ல சார்," என்றேன். "ஒருத்தன் பார்த்தா காதல். பதினோரு பேர் பார்த்தா அங்கே ஒரு அழகி இருக்கா. மேடம், இந்தத் துப்பை நான் தனியா துலக்கிக்கறேன், நீங்க ஆபீஸுக்குப் போங்க."

"வாயை மூடிட்டு வா," என்றார் மேடம்.

நாற்சந்தி ஒரு சாதாரண நாற்சந்தி. லாரி வருகிற தெருவில் இடது கைப் பக்கம் ஒரு கிடங்கின் உயரமான மதில், சந்தி வரைக்கும் ஓடி வந்து சட்டென்று முடிந்தது. அதனால் இடது தெருவில் யானை வந்தாலும் தெரியாது. எந்த சென்சாரும் மதிலைத் துளைத்துப் பார்க்காது. எதிர்ப் பக்கம், வலது மூலையில் ஒரு பழைய வீடு. வண்டிகள் இடிக்காமல் திரும்பட்டும் என்று அந்தக் காலத்தில் மூலையைச் சாய்வாக வெட்டிக் கட்டியிருந்தார்கள். அந்த வெட்டில், ஆள் உயரத்துக்கு மேலே, அகலமான கண்ணாடிக் கதவு போட்ட ஒரு ஜன்னல். இரண்டு கதவும் திறந்திருந்தன.

"டிரைவருங்க பார்த்தது அந்த ஜன்னலைத்தான்," என்றார் மேடம். "உள்ள என்ன இருக்கு?"

எட்டிப் பார்த்தேன். என் உயரத்துக்கு உத்தரம்தான் தெரிந்தது.

"லாரி டிரைவர் எவ்வளவு உயரத்துல உக்காந்திருப்பாரு?"

இந்தக் கேள்வியின் முடிவு எனக்கு நல்லதாக இருக்காது என்று அப்போதே தெரிந்தது. பக்கத்து பஞ்சர் கடையில் மேடமே போய் ஒரு ஸ்டூல் வாங்கி வந்தார். அதை நடு ரோட்டில், லாரி வருகிற வழியில் போட்டார். நான் ஏறினேன். பின்னால் வந்த கார்க்காரர் என் பரம்பரையை விசாரித்தார். பைக்கில் வந்த ஒருவர், "குதிச்சிடாதேப்பா, எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம்," என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

"என்ன தெரியுது?"

"ஒரு ரூம். தையல் மெஷின். துணி மலையா குவிஞ்சிருக்கு. ஒரு பொண்ணு தலை குனிஞ்சு தைச்சுட்டு இருக்கு. முப்பது முப்பத்தஞ்சு வயசு. இதைப் பார்க்கறதுக்கு பதினோரு பேரா? மேடம், மக்களோட ரசனை ரொம்ப..."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். நடு ரோட்டில் ஸ்டூல் மேல் நின்று தன்னையே முறைத்துக்கொண்டிருக்கும் ஒரு தடியனைப் பார்த்தாள். விருட்டென்று எழுந்து வந்து ஜன்னலின் இரண்டு கதவையும் இழுத்து அடித்துச் சாத்தினாள்.

நான் ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தேன். அவள் சாத்தியதால் இல்லை. சாத்திய கண்ணாடியில் ஒரு தெரு முழுதாக வந்து நின்றது. ஒரு மரம், ஒரு தபால் பெட்டி, குடை பிடித்த ஒரு கிழவர், எங்களை நோக்கி மிதித்து வரும் ஒரு சைக்கிள். தலையைத் திருப்பி இடது பக்கம் பார்த்தேன். மதில்தான் இருந்தது. சற்று நேரத்தில் மதிலின் முடிவிலிருந்து அதே சைக்கிள் வெளியே வந்து என்னைக் கடந்து போனது.

"மேடம்! இடது தெரு! மதிலுக்குப் பின்னாடி இருக்கற தெரு மொத்தமும் அந்தக் கண்ணாடில தெரியுது!"

மேடம் தன் வாழ்நாளில் ஒரு மூன்று நான்கு முறை சிரித்திருப்பார். அதில் ஒன்றை எனக்குக் கொடுத்தார்.

"கீழ நின்னா தெரியாது. கார்ல வந்தா தெரியாது. லாரி சீட் உயரத்துல மட்டும்தான் தெரியும். பதினோரு பேரும் பராக்கு பார்க்கலடா. மெஷினால பார்க்க முடியாததைப் பார்த்துட்டு இருந்தாங்க. ஒருத்தன் கண்டுபிடிச்சிருப்பான், மத்தவனுக்குச் சொல்லியிருப்பான். மேனேஜருக்குச் சொன்னா, 'கம்பெனி மெஷின் இருக்கும்போது ஜன்னலைப் பாக்குறியா'ன்னு திட்டுவார்னு மறைச்சுட்டாங்க."

"அப்போ கேஸ் முடிஞ்சது! இதைப் போய் நாளைக்குச் சொன்னா..."

"என்ன முடிஞ்சது? தெரு முழுக்கத் தெரியற கண்ணாடியைப் பார்த்துட்டே வந்தவருக்கு, அதே தெருவுல வந்த சைக்கிள் மட்டும் ஏன் தெரியல?"

நான் ஸ்டூலைப் பஞ்சர் கடையில் திருப்பிக் கொடுத்தேன்.

கதவைத் திறந்த பெண் என்னைப் பார்த்ததும் மறுபடியும் சாத்தப் பார்த்தாள். மேடம் நடுவில் காலை வைத்து, விஷயத்தைச் சொல்லி, மன்னிப்பும் கேட்டார். மன்னிப்பு என் சார்பில். விபத்து என்றதும் அவள் முகம் மாறிவிட்டது.

"அடிபட்டது என் தம்பிங்கம்மா," என்றாள்.

உள்ளே அறை முழுக்கத் திரைச்சீலைத் துணி. கடைக்காரர் கொண்டுவந்து போடுவதை ஓரம் அடித்துக் கொடுக்கிறாள். ஊரெல்லாம் ஜன்னலுக்குத் தொங்குகிற துணி இவள் கையில்தான் முடிகிறது. அவள் ஜன்னலுக்கு ஒன்றும் இல்லை. அப்பா அம்மா போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அவனுக்கு இந்த ஊரில் வேலை கிடைத்ததும், கட்டுப்படியாகிற வாடகைக்கு வீடு பார்த்து வந்திருக்கிறார்கள். வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் வீடு வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்ததாம்.

"இங்க எனக்கு யாரையும் தெரியாதும்மா. அவன் வேலைக்குப் போனா, திரும்ப வர்ற வரைக்கும் இந்த மெஷின் சத்தம்தான். புது இடம், பயமா இருக்குன்னு ஜன்னலைக்கூடத் திறக்கறதில்ல. 'திறந்து வைக்கா, காத்து வரட்டும், நாலு மனுஷ முகமாவது தெரியட்டும்'னு தினமும் சொல்லுவான்."

அவள் தையல் மெஷின் சக்கரத்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு அவன் சீக்கிரம் வர்றேன்னு சொன்னான். காத்துட்டே இருந்தேன். எனக்கு என்ன தோணிச்சோ, எழுந்து போய் ரெண்டு கதவையும் திறந்துட்டு நின்னேன். தூரத்துல அந்தத் தெருவுல வந்துட்டு இருந்தான். என்னைப் பார்த்ததும் ஒரே சந்தோஷம், ஒரு கையை விட்டுட்டு ஆட்டறான். அப்பத்தான் இந்தப் பக்கம் லாரி வர்றதைப் பார்த்தேன். அவனுக்குத் தெரியல. கத்தினேன்மா. ரெண்டு கையையும் வெளிய நீட்டி ஆட்டிட்டுக் கத்தினேன். லாரி நின்னுச்சு. காலோட போச்சு."

மேடம் கீழே சரிந்த துணியை எடுத்து மெஷின் பக்கத்தில் வைத்தார்.

"டாக்டர் சொன்னார், லாரி இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ஆளே இல்லைன்னு. நான் மட்டும் அன்னைக்கு ஜன்னலைத் திறக்காம இருந்திருந்தா என் தம்பி இல்லம்மா. ராத்திரி தூக்கம் வராம படுத்திருக்கும்போது அதை நினைச்சுத்தான் மனசைத் தேத்திக்கறேன். திறந்தேனே, கடவுளே, திறந்தேனேன்னு." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்பல்லாம் சாத்தறதே இல்ல. இன்னைக்குத்தான் இவரைப் பார்த்து பயந்துட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜன்னல் கதவு சாத்தியிருந்தால் அதில் தெரு தெரியும். திறந்திருந்தால் தெரியாது. பூட்டிக் கிடந்த வீட்டில், முதல் முறையாக ஒரு ஜன்னல் திறந்த அந்த நிமிஷம், டிரைவருக்கு ஒரு தெருவே காணாமல் போய்விட்டது. நான் வாயைத் திறந்தேன். மேடத்தின் செருப்பு என் கால் விரலைக் கண்டுபிடித்து அழுத்தியது.

"டிரைவர் உங்களை வந்து பார்த்தாராம்மா?" என்று கேட்டார் மேடம்.

"வந்தார். அவர்தான் தம்பியைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவர். அவர் மேல எனக்குக் கோபமே இல்ல. இங்க வந்து அந்த ஸ்டூல்ல உக்காந்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். 'இந்த ஜன்னலை எப்பவும் திறந்து வைப்பியாம்மா?'ன்னார். உங்ககிட்ட சொன்னதையே அவர்கிட்டயும் சொன்னேன். அப்படியே உக்காந்திருந்தார். தண்ணி கொடுத்தேன், குடிச்சார். விசாரணைக்கு வந்து நான் சாட்சி சொல்றேன்னேன். வேண்டவே வேண்டாம்னு தலையாட்டிட்டுப் போய்ட்டார். எனக்குத்தான் ஒண்ணும் புரியல."

படி இறங்கித் தெருவுக்கு வரும்வரை நான் பேசவில்லை. இது ஒரு சாதனை.

"மேடம், அந்த மனுஷன் தன் தலைல தானே மண்ணை வாரிப் போட்டுக்கறார். நாளைக்குப் போய் கண்ணாடி விஷயத்தைச் சொன்னா தப்பிச்சுக்கலாம்."

"சொன்னா அடுத்த கேள்வி, 'அன்னைக்கு ஏன் தெரியல?' பதில், 'ஜன்னல் திறந்திருந்தது.' அடுத்த கேள்வி, 'திறந்தது யாரு?'" மேடம் நின்று அந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். அது மறுபடியும் திறந்திருந்தது. "அந்தப் பொண்ணு எதைப் பிடிச்சுட்டு ராத்திரி தூங்கறாளோ, அதை அவ கைல இருந்து பிடுங்கணும். அவரால முடியல."

ஊமையண்ணன் அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு டம்ளர். வேலையிலிருந்து நிறுத்தி வைத்த பிறகும், கம்பெனிச் சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, ஆணியில் மாட்டியிருந்தார். மேடத்தை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவர் குடித்து முடித்ததும் டம்ளரைக் கழுவி எனக்குக் கொடுத்தார். அந்த அறைக்கு இரண்டு பேர் வந்து ரொம்ப நாளாகியிருக்கும் என்று அதிலேயே தெரிந்தது.

"மூலை வீட்டுக்குப் போயிருந்தோம்," என்றார் மேடம். "ஜன்னல் சாத்தியிருக்கும்போதும் பார்த்தோம்."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

ஊமையண்ணன் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம் அது. தன்னைப் பற்றிய வாக்கியம் இல்லை.

"சொல்லல."

கட்டிலில் உட்கார்ந்தார். துருப்பிடித்த குழாயில் தண்ணீர் வருவது போல விட்டு விட்டுப் பேசினார். "சொல்லாதீங்கம்மா. அதுக்குன்னு இருக்கறது அந்தத் தம்பி ஒருத்தன்தான். பாசத்துல ஒரு ஜன்னலைத் திறந்துச்சு. அதனாலதான் அவன் அடிபட்டான்னு தெரிஞ்சா, அந்தப் பொண்ணு இனிமே எந்த ஜன்னலைத் திறக்கும்? எனக்கு வயசாயிடுச்சு. லைசென்ஸ் போனா போகட்டும்."

"போனா என்ன பண்ணுவீங்க?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் ஆணியில் மாட்டிய சட்டையைப் பார்த்தார். "தெரியல தம்பி," என்றார்.

ஒரு மனுஷனுக்கு மிச்சம் இருக்கிற ஒன்றையும், முன்பின் தெரியாத ஒருத்தியின் தூக்கத்துக்காகக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அதைச் சொல்லக்கூட அவருக்கு ஆள் இல்லை.

மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "சரி. நான் ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க. கண்ணாடில தெரு தெரியலைன்னதும் நீங்க என்ன பார்த்தீங்க?"

"ஜன்னலைத்தான். என்னடா இது, திறந்திருக்கேன்னு..."

"ஜன்னல்ல?"

அவர் நெற்றியைத் தேய்த்தார். "அந்தப் பொண்ணு. கை ரெண்டையும் வெளிய நீட்டி, வாயைத் திறந்துட்டு..." அப்படியே நிறுத்தினார்.

"சத்தம் கேட்டுச்சா?"

"லாரி கண்ணாடி எல்லாம் ஏத்தி இருந்துச்சு. கேக்கல. ஆனா அந்த முகம். பார்த்ததும் கால் தானா பிரேக்ல ஏறிடுச்சு."

"அதைத்தான் நான் மேனேஜர் ரூம்ல கண்ணை மூடிக் கேட்டேன்," என்றார் மேடம்.

நாங்கள் இரண்டு பேரும் விழித்தோம்.

"படத்தைப் பார்த்தா எல்லாம் ஒண்ணா நடக்கற மாதிரி இருக்கு. கண்ணு புள்ளியைப் பார்த்துட்டு இருக்கும்போது காதை யாரும் கவனிக்கறதில்ல. மூணு தடவை கேட்டேன். முதல்ல டயர் கிரீச்சுன்னு கத்துது. அதுக்கப்புறம்தான் மெஷின் பீப்னு கத்துது. மெஷினுக்கு முன்னாடியே ஒருத்தர் பிரேக் போட்டிருக்கார். எதைப் பார்த்து போட்டார்னு அப்போ எனக்குத் தெரியல. இப்போ தெரியுது." மேடம் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "மெஷின் சொல்லித்தான் போட்டிருந்தீங்கன்னா அந்தப் பையன் இன்னைக்கு இல்ல. அவ சொல்றது பொய் ஆறுதல் இல்லைங்க. ஜன்னலைத் திறந்ததால கண்ணாடி போச்சு, உண்மை. திறந்ததாலதான் அவ அங்க நின்னு கத்தினா, அதுவும் உண்மை. நாளைக்கு ரெண்டாவது உண்மை போதும்."

"முதல் உண்மையைக் கேட்டா?"

"கண்ணாடியைப் பத்தி கேக்கணும்னா முதல்ல ஸ்டூல்ல ஏறணும். ஆபீசருங்க ஸ்டூல்ல ஏற மாட்டாங்க. அதுக்குன்னு ஒரு இளிச்சவாயன் வேணும்."

அந்த இளிச்சவாயன் பெருமையாகத் தலையாட்டினான்.

விசாரணை அறையில் மின்விசிறி மட்டும் சுறுசுறுப்பாக இருந்தது. அதிகாரி நல்ல மனிதர், அவசரமான மனிதர். மேடம் அவரிடம் ஒரே ஒரு உதவி கேட்டார். "சார், படம் ஓடும்போது எல்லாரும் கண்ணை மூடிக்கணும்."

அதிகாரி மூடினார். மேனேஜர் மூடினார். வாசலில் நின்ற காவலாளிகூட மூடிக்கொண்டார். "சாலையைப் பாருங்கள்." கிரீச். பீப். டமார்.

அதிகாரி கண்ணைத் திறந்தார். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். "பிரேக் முன்னாடி இருக்கே?" என்று மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தன் மெஷினைப் பார்த்தார்.

மேடம் கூப்பிட்டு வந்திருந்த மூலை வீட்டுப் பெண் எழுந்து நின்று சொன்னாள். கத்தியதை, கையை ஆட்டியதை, டிரைவர் தன்னைப் பார்த்ததை. ஒரு சொல் தவறவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டே வந்தவர், பேனாவை நிறுத்தி, சும்மா கேட்பது போலக் கேட்டார்.

"அந்த ஜன்னல் எப்பவும் திறந்துதான் இருக்குமாம்மா?"

ஊமையண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். மடியில் இருந்த அவர் கைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்தன. மேடம் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அது எப்போதும் தெரியாது.

"இல்ல சார். அன்னைக்குத்தான் முதல் தடவையா திறந்தேன்," என்றாள் அவள். "திறந்தது நல்லதாப் போச்சு."

அதிகாரி அவளையே பார்த்தார். பிறகு, "ஆமாம்மா, நல்லதாப் போச்சு," என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

லைசென்ஸ் போகவில்லை. வெளியே வந்ததும் மேடம் மேனேஜரைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், அந்த நாற்சந்தியில் ஒரு கம்பம் நட்டு வட்டமான குவிகண்ணாடி ஒன்று மாட்ட ஏற்பாடு பண்ணும்படி சொன்னார். "பதினோரு டிரைவரும் இனிமே அதைப் பார்ப்பாங்க. ஏன்னு கேக்காதீங்க." மேனேஜர் கேட்கவில்லை. கண்ணை மூடச் சொல்லும் பெண்களிடம் அவருக்குப் பயம் வந்திருந்தது.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு பார்சலைச் சாக்கு வைத்து நான் ஊமையண்ணன் லாரியில் ஏறிக்கொண்டேன். இஸ்திரிச் சட்டை போட்டிருந்தார். வழி முழுக்க நான்தான் பேசினேன். அவர் மூன்று முறை "ம்" சொன்னார். டிஸ்ப்ளேயில் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள் வந்து போயின. அந்தப் புள்ளி ஒவ்வொன்றுக்குள்ளும் வீட்டுக்குப் போகிற ஒரு ஆள் இருக்கிறான் என்று எனக்கு அன்றுதான் தோன்றியது.

நாற்சந்தி வந்தது. புதுக் கம்பத்தில் வட்டக் கண்ணாடி பளபளத்தது. அவர் முதலில் அதைப் பார்த்தார். இடது தெருவில் யாரும் வரவில்லை. வேகத்தைக் குறைத்தார்.

அப்புறம் வலது பக்கம் பார்த்தார். ஜன்னல் அகலத் திறந்திருந்தது. உள்ளே தையல் மெஷினுக்குப் பக்கத்தில், காலில் கட்டோடு ஒரு இளைஞன் உட்கார்ந்திருந்தான். அவள் நிமிர்ந்து, கையில் இருந்த துணியோடு கையை ஆட்டினாள். ஊமையண்ணன் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்கினார்.

"சாலையைப் பாருங்கள்," என்றது குரல்.

"பார்த்துட்டுத்தாம்மா இருக்கேன்," என்றார் அவர்.